விவாக முகூர்த்தம்

விவாகத்துக்கு நாள் குறிப்பது ஒரு குடும்பத்தின் சொந்தக் காரியம் என்று நமது நாட்டில் சொல்வதற்கில்லை. ஆவணியோ தையோ பிறந்துவிட்டால், ஒரே ஊரில் ஒரே காலையில் மண்டபத்துக்கு மண்டபம் மேளம் முழங்குகின்றது. மல்லிகையின் விலை ஏறுகின்றது. போக்குவரத்துக் கழகங்கள் முகூர்த்த தினங்களுக்கென்றே விசேஷ பஸ்கள் விடுகின்றன. பத்திரப் பதிவு ஆபீஸ்களிலுங்கூட அந்நாட்களில் அதிகப்படியான டோக்கன்கள் வழங்கப்படுகின்றன.

இந்த நெருக்கடி ஏன் உண்டாகிறது என்று நேயர்கள் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மூன்று மாதங்களைத் தள்ளினால் எஞ்சுவது ஏறக்குறைய 275 நாட்கள். செவ்வாயும் சனியும் ஆகாவென்றால் சுமார் 195. வளர்பிறையே வேண்டுமென்று பிடிவாதம் செய்தால் நூறுக்கும் குறைவு. அப்பால் அஷ்டமி, நவமி கழிய வேண்டும். மணமக்களின் ஜன்ம நக்ஷத்திரங்களுக்குப் பொருந்த வேண்டும். லக்னம் சுத்தமாயிருக்க வேண்டும். இவ்வளவு சல்லடைகளிலும் தேறி நிற்கும் சில நாட்களுக்காக ஊரிலுள்ள கல்யாண வீட்டார் அனைவரும் போட்டியிடுகின்றனர். மண்டபக்காரர் கேட்டதே வாடகை. சமையற்காரர் சொன்னதே கூலி.

பெரியோர் வகுத்த விலக்குகள் யாவும் அர்த்தமற்றவை என்று நாம் கூற வரவில்லை. ஆடி விதைப்புக் காலம். குடியானவன் கையிலிருந்த காசெல்லாம் நிலத்தில் இறங்கியிருக்கும். பொழுதெல்லாம் வயலில் வேலையிருக்கும். தை மாதத்திலோ களத்தில் நெல் குவிந்திருக்கும், வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கும். நாள் பார்த்த முன்னோர் பஞ்சாங்கத்தோடு பத்தாயத்தையும் பார்த்தே முடிவு செய்தனர் என்பது நமது துணிபு. இன்று மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவுக்கு ஆடியும் ஒன்றே, தையும் ஒன்றே. ஆயினும் விலக்கு மட்டும் நின்றுவிட்டது. அதன் காரணம் மறைந்து போயிற்று.

பஞ்சாங்கங்களாவது தமக்குள் ஒற்றுமையாக இருக்கின்றனவா? வாக்கியம் ஒன்று சொல்ல, திருக்கணிதம் வேறொன்று சொல்லுகிறது. ஒரு திதி முடியும் வேளையில் இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் நேர்வது சாதாரணம். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29-ல் நிகழ்ந்தது. திருநள்ளாற்று ஆலயத்தாரோ, தாங்கள் கைக்கொள்ளும் வாக்கிய முறைப்படி அது 2026-ல்தான் என்று அறிவித்தனர். கிரகத்துக்கே ஒரு வருஷம் தவணை கிடைக்குமானால், தாலி கட்டும் வேளைக்கு ஒரு நாழிகை தவணை கிடைக்காதா?

சென்னை நக்ஷத்திர ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்கூடான கணிதத்தின்படி பஞ்சாங்கம் வெளியிட்டார். சுதந்திர இந்தியாவின் ஸர்க்கார் 1952-ல் மேகநாத் ஸாஹாவின் தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டியை அமைத்தது. 1955-ல் அறிக்கை வந்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய காலண்டரும் அமுலுக்கு வந்தது. தேசத்துக்காகத் தியாகம் செய்த குடும்பங்களிற்கூட அந்தக் காலண்டரைப் பார்த்து நாள் வைத்தவரை நாம் இதுவரை கண்டதில்லை!

ஒரு விஷயம் மட்டும் வேடிக்கையானது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்று இருக்கும் மதிப்பு எந்த ரிஷி அளித்தது? ஆங்கில ஆட்சியில் கச்சேரிகளுக்கு ஏற்பட்ட விடுமுறை அளித்தது. உறவினருக்கு ஓய்வுண்டு என்ற ஒரே காரணத்துக்காக ஞாயிறு முகூர்த்தத்தைத் தேடி அலைகிறோம். ஜனங்களின் சௌகரியத்துக்காக நாள் வளையும் என்பதை இவ்வாறு நாமே ஒப்புக்கொண்டு விட்டோம். அந்தச் சலுகையை ஏழைத் தகப்பனாரின் கடன் சுமைக்கும், பெண்ணின் பரீக்ஷைக்கும், அவளுடைய தேக சௌக்கியத்துக்கும் மட்டும் மறுப்பானேன்? ஜோஸ்யரிடம் செல்லுமுன் மணப்பெண்ணைக் கேட்கும் வீடுகள் எத்தனை? அவளுக்கு அசௌகரியமான நாளைக் குறித்துவிட்டு, அதைச் சுபதினம் என்று மஞ்சள் தடவி அச்சிடுவது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை.

1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் முகூர்த்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. 1967-ல் சென்னை ராஜ்யச் சட்டசபை நிறைவேற்றிய திருத்தத்தால், புரோகிதரின்றி நடந்த சுயமரியாதை விவாகங்களும் செல்லுபடியாயின. ராகு காலத்திலேயே மணம் முடித்து, பேரன் பேத்திகளைக் கண்டவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவ்வளவு தூரம் போக மனமில்லாதவரை நாம் வற்புறுத்தவில்லை. பஞ்சாங்கம் பார்ப்பவர் பார்க்கட்டும். ஆனால் ஜோஸ்யரிடம் ஒரே நாளைக் கேளாமல், நாலைந்து நாட்களைக் கேட்டு வாங்கட்டும். தேய்பிறையில் முதல் ஐந்து நாட்களைப் பல ஜோஸ்யர்களே ஒப்புகின்றனர். வார நாளொன்றில், மாலை வேளையில், வீட்டு வாசற் பந்தலில் நடக்கும் கல்யாணத்துக்கு மண்டபக்காரரின் தயவு வேண்டியதில்லை.

தேதி எதுவாயினும், தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி 90 நாட்களுக்குள் விவாகத்தைப் பதிவு செய்தாக வேண்டும். நாள் குறிக்கும் தாளிலேயே அந்தக் கெடுவையும் குறித்து வைப்பது நலம்.