எச்சரிக்கை ஏட்டில் உறங்கலாமா?

மலையிலிருந்து யானை இறங்கியதைக் கண்ட கன்னிவாடி உழவர், அடுத்த தோட்டத்துக்குச் சொல்லாமல் உறங்கமாட்டார். எவ்வழி வந்தது, எந்த வேலியைச் சாய்த்தது, எப்பக்கம் போயிற்று என்று தெரிந்தால்தானே அடுத்தவர் தம் வாழையைக் காக்க முடியும்?

கம்ப்யூட்டர்க் கள்வர் விஷயமும் இதுதான். அவர்கள் வரும் வழியையும் கையாளும் கருவியையும் முன்கூட்டி அறிந்து காவலைத் திருத்துவதையே சைபர் உளவறிதல் என்கிறார்கள். ஒற்றாடலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். ஆனால், ஒற்றுச் செய்தி காவலாக மாறாவிட்டால் பயன் என்ன?

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பணம் 8 கோடியே 10 லட்சம் டாலர் களவு போயிற்று. வங்கிகள் பணம் அனுப்பச் சொல்லிச் செய்தி விடுக்கும் ஸ்விஃப்ட் முறையில் புகுந்த கள்வர், அச்செய்திகளை அச்சிடும் பிரிண்டரை முடக்கிக் களவை மறைத்தனர். உலகறிந்த செய்தி! ஈராண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் அதே ஸ்விஃப்ட், அதே பிரிண்டர் முடக்கம்! பிரிண்டர் நின்றால் பழுதென்று எண்ணாதே, பணம் போகிறதா என்று பார்! இதுவே அந்தக் களவு தந்த பாடம்.

கூடங்குளத்தின் கதை வேறு. அங்கே எச்சரிக்கை வந்தது; மக்களுக்குத்தான் வரவில்லை. தீய நிரல் புகுந்திருப்பதை 2019 செப்டம்பர் 4இல் மத்திய சர்க்காரின் செர்ட்-இன் அமைப்பு அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. அக்டோபர் 29இல் நிலைய நிர்வாகமோ, தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அறிக்கை விட்டது. மறுநாளே கழகம் உண்மையை ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக் கம்ப்யூட்டர்தான், உலை அமைப்புக்குப் பாதிப்பில்லை என்றது. மகிழ்ச்சி! ஆனால் 56 நாள் மௌனம் ஏன்?

தாக்கப்பட்ட நிறுவனம் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னிடம் சொல்லவேண்டும் என்று 2022இல் டெல்லி ஆணையிட்டது. வரவேற்கிறோம். அதே டெல்லிதான் 2023 நவம்பரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து செர்ட்-இன்னுக்கு விலக்களித்தது. நிறுவனத்துக்கு ஆறு மணி நேரக் கெடு. குடிமகன் கேட்டால் வாய்ப்பூட்டு! இது என்ன நீதி?

களவு கொடுத்தவர் பெயரை மறைக்கட்டும். கள்வன் வந்த வழியை மறைக்கலாகாது. அது கன்னிவாடிப் பேரூராட்சி எழுத்தருக்கும் விளங்கும் தமிழில், அன்றைக்கன்றே வரவேண்டும். வந்த எச்சரிக்கையைப் படிக்க ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். என்ன செய்தோம் என்று அன்றே குறித்து வைக்க வேண்டும். இது சலுகையல்ல, மக்கள் பணத்தைக் காப்போரின் கடமை!