கேமராவைக் காக்கும் உறைகளும் முதுமை அடைகின்றன

மழையிலிருந்தும் தூசியிலிருந்தும் கேமராவைக் காப்பதற்காக வாங்கப்படும் உறைகள், சில ஆண்டுகளில் தாமே சிதைந்து, காக்க வேண்டிய கருவிக்கே சேதம் விளைவிக்கக்கூடும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் இந்தச் சிதைவு விரைவாக நிகழ்கிறது.

மியன்மாரின் யாங்கூன் நகரம் அத்தகைய ஓர் இடம். ரங்கூன் என்ற பெயரில் தமிழர்கள் நெடுங்காலமாக அறிந்த இந்நகரில், மே மாத நடுப்பகுதியில் தொடங்கும் மழைக்காலம் அக்டோபர் வரை நீடிக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையின் மழை அளவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆற்றங்கரையை ஒட்டிய க்யிம்யிண்டைங் போன்ற பகுதிகளில் திறந்த வெளியில் படம்பிடிப்பவர்களுக்கு உறை இன்றியமையாதது.

மறைப்பதற்கும் உறை

ஆனால் யாங்கூனில் உறைக்கும் பைக்கும் வேறொரு பணியும் இருந்துவந்துள்ளது. 2007ஆம் ஆண்டு பௌத்த பிக்குகள் தலைமையில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தபோது, உள்ளூர் செய்தியாளர்கள் சிறிய கேமராக்களைப் பைகளில் மறைத்துவைத்துப் படம்பிடித்தனர். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மார்ச் மாதம் ஐந்து ஊடகங்களின் உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, க்யிம்யிண்டைங்கில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது ராணுவ வாகனம் மோதியது. அந்த ஆர்ப்பாட்டத்தைப் படம்பிடிக்கச் சென்ற புகைப்படச் செய்தியாளர்களும் கைது செய்யப்பட்டனர்.

இத்தகைய சூழலில் ஒரு கேமரா மாதக்கணக்கில் வெளியே எடுக்கப்படாமல் உறைக்குள்ளேயே கிடக்க நேரிடலாம். பயன்படுத்தாத உறை கெடாது என்று பலரும் கருதுகின்றனர். அது சரியல்ல.

சிதைவது எப்படி?

பெரும்பாலான மழை உறைகள் நைலான் துணியின் மீது பாலியூரித்தேன் பூச்சு இட்டுத் தயாரிக்கப்படுகின்றன. காற்றிலுள்ள நீராவி இந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை மெல்ல உடைக்கிறது. பூச்சு முதலில் பிசுபிசுப்பாகி, பின்னர் செதில் செதிலாக உரிகிறது. அலமாரியில் மடித்துவைத்த உறையிலும் இது நடக்கும். உரிந்த துகள்கள் கேமராவின் பொத்தான்களிலும் இணைப்புகளிலும் ஒட்டிக்கொள்கின்றன.

பி.வி.சி. உறைகளின் சிக்கல் வேறு. அவற்றுக்கு நெகிழ்ச்சி தரும் சேர்மங்கள் காலப்போக்கில் வெளியேறுவதால், உறை மஞ்சளாகி, விறைத்து, மடிப்புகளில் வெடிக்கிறது. மிகவும் சிதைந்த பி.வி.சி. வெளியிடும் அமில ஆவி உலோகங்களை அரிக்கவும் கூடும். நியோப்ரீன் ரப்பர் வெயிலாலும் ஓசோனாலும் வெடிப்பு காண்கிறது. சாதாரண பாலித்தீன் பையை ஈரம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் வெயிலில் அது நொறுங்கிப்போகிறது.

உள்ளே அடைபடும் ஈரம்

சிதையாத உறையிலும் ஓர் ஆபத்து உண்டு. நீரை உள்ளே விடாத உறை, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேயும் விடுவதில்லை. நனைந்த கேமராவை அப்படியே மூடிவைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். பூஞ்சை வெளியிடும் அமிலங்கள் லென்ஸின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் அந்தத் தடம் மறையாது.

எனவே, படப்பிடிப்பு முடிந்ததும் உறையைக் கழற்றி, கேமராவையும் உறையையும் தனித்தனியே நிழலில் உலர்த்துவது அவசியம். பின்னர் கேமராவைச் சிலிக்கா ஜெல்லுடன், காற்றுப் புகாத பெட்டியில் வைக்கலாம். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது நல்லது. சிலிக்கா ஜெல் ஈரத்தை ஈர்த்து நிறைவுற்றதும் அதைச் சூடாக்கி உலர்த்த வேண்டும்.

உறையை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பு விரித்துப் பார்ப்பதும் முக்கியம். பிசுபிசுப்போ, புளித்த வாடையோ, மடிப்புகளில் வெண்கோடுகளோ தென்பட்டால் அதை மாற்றிவிட வேண்டும்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர நகரங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் 2021க்குப் பின் உள்நாட்டு நாணயமான சாட் பெரும் மதிப்பிழந்துள்ள மியன்மாரில், வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு லென்ஸை இழப்பவருக்கு மற்றொன்றை வாங்குவது எளிதல்ல. மலிவான ஓர் உறையை உரிய காலத்தில் கைவிடுவது அங்கு ஒருவரின் தொழிலையே காக்கக்கூடும்.