தக்காளி: யார் யார் அளவோடு சாப்பிட வேண்டும்?



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கும், அங்கிருந்து நாகலூருக்கும் வரும் காய்கறிகளில் தக்காளிக்குத் தனி இடம் உண்டு. ரசம், சாம்பார், சட்னி எதுவானாலும் தக்காளி வேண்டும். ஆனால் சில வாடிக்கையாளர்கள் பையை நீட்டும்போதே, "டாக்டர் தக்காளியைக் குறைக்கச் சொல்றாருங்களே, ஏன்?" என்று நம்மிடம் கேட்பதுண்டு. வியாபாரம் போய்விடுமே என்று ஏதாவது சொல்லி அனுப்புவது முறையல்ல.

தக்காளி கெடுதலான பொருள் அல்ல. வைட்டமின் சி, லைக்கோபீன் போன்ற நல்ல சத்துக்கள் அதில் உள்ளன. உடல்நலம் உள்ளவர்கள் தயங்காமல் சாப்பிடலாம். கீழே கண்டவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்.

1. சிறுநீரக நோயாளிகள்

100 கிராம் தக்காளியில் சுமார் 240 மில்லி கிராம் பொட்டாசியம் உள்ளது. மிகுதியான பொட்டாசியத்தை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். பல சமயம் முன்கூட்டி அறிகுறி எதுவும் தெரியாது. எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டக் கூடியவை. தக்காளி பேஸ்டில் 100 கிராமுக்கு சுமார் 1,000 மில்லி கிராம் பொட்டாசியம் உண்டு. தக்காளிக்குப் பதில் புளியைக் கூடுதலாகக் கரைப்பதும் சரியல்ல. புளியிலும் பொட்டாசியம் உள்ளது. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

2. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள்

தக்காளியில் சிட்ரிக், மாலிக் அமிலங்கள் உள்ளன. சிலருக்கு இவை எரிச்சலைத் தூண்டும். இரவு கடையைப் பூட்டிவிட்டு, பத்து மணிக்குமேல் தக்காளிச் சட்னியோடு நாலு தோசை சாப்பிட்டு உடனே படுக்கும் நம்மவர்களுக்கே இது பொருந்தும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுவது நல்லது.

3. கவுட் எனும் மூட்டு வலிக்காரர்கள்

யூரிக் அமிலம் கூடுவதால் வரும் வலி இது. தக்காளி சாப்பிட்டால் வலி தூண்டப்படுவதாக நியூசிலாந்து நோயாளிகள் பலர் கூறியதை, 2015-இல் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். எல்லோருக்கும் அப்படி இல்லை. சாப்பிட்ட பின் வலி கூடுகிறதா என்று தாமே கவனித்துக் குறைத்துக்கொள்ளலாம்.

4. ஒவ்வாமை உள்ளவர்கள்

வாய் அரிப்பு, தடிப்பு வந்தால் தக்காளியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். முகம் வீங்கி மூச்சுத் திணறினால், மலைப்பகுதியில் உள்ளவர்கள் சிறிதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

"விதை கல்லாகுமா?"

தக்காளி விதை சிறுநீரகத்தில் போய்க் கல்லாகும் என்பது தவறான எண்ணம். கல்லுக்குக் காரணமான ஆக்ஸலேட், பாலக் கீரையோடு ஒப்பிட்டால் தக்காளியில் மிகக் குறைவு. கல் உள்ளவர்களுக்குத் தண்ணீர் நிறையக் குடிப்பதே முக்கியம்.

கடைக்காரர் கவனத்துக்கு

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளும், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகளும் வீடு தேடி வருகின்றன. அந்த வீட்டாரும் மளிகைக்கு நம்மிடம்தான் வருகிறார்கள்.

ஆகவே, 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பல வகைகளில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இவ்வகை உப்பை ஆதரித்தபோதும், அந்தப் பரிந்துரை சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று கூறியுள்ளது. தக்காளி சாஸில் உப்பும் சர்க்கரையும் மிகுதி என்பதையும் கேட்பவர்களுக்குச் சொல்லலாம்.

நாம் வைத்தியர் அல்ல. மருந்து சொல்ல வேண்டாம். "சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்று ஒரு பாக்கெட் விற்காமல் போகலாம்; வாடிக்கையாளர் நலமாக இருந்தால் நாளையும் நம் கடைக்கே வருவார்.