உங்களுக்குத் தெரியுமா? ஏட்டில் மறைந்த செகந்திராபாத்

நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் எழுந்த செகந்திராபாத், 1960இல் தன் மாநகராட்சியை இழந்து ஹைதராபாத்துடன் இணைந்தது. சட்டக் கணக்கில் அந்த நகரம் அன்றே முடிந்துவிட்டது. ஆனால் ஆறே ஆண்டுகளில், 1966இல், தென்மத்திய ரயில்வே தன் தலைமையகத்தை அமைத்தது செகந்திராபாத்தில்தான். அதே பெயரில் மக்களவைத் தொகுதியும் நீடிக்கிறது. 'பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்ட வெறும் பெயர்தானே?' என்று கேட்கலாம். அப்படித் தள்ளிவிட முடியாது. ஓர் ஊரைக் கலைக்க ஓர் அரசாணை போதாது; ரயில்வே, ராணுவம், தேர்தல் என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. 12 நகராட்சிகளையும் 8 ஊராட்சிகளையும் விழுங்கி (நல்ல பசிதான்!) 2007இல் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சி உருவானபோதும், செகந்திராபாத் கண்டோன்மென்ட் மட்டும் தன் தனி வாரியத்தோடு வெளியிலேயே நின்றது.