கேம் ஸ்டுடியோ வேலைன்னா வீட்டுல ஏன் பயப்படுறாங்க?

இந்த எபிசோட்ல விருந்தினர் யாரும் இல்ல, நான் மட்டும்தான். கொஞ்ச நாளா ஒரே மாதிரி கேள்வி நிறைய வந்துட்டு இருக்கு. அதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிறேன். திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி, இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறார். அவர் எழுதினது சுருக்கமா இதுதான்: கேம் ஸ்டுடியோவுல வேலைக்குப் போகணும்னு எட்டாவதுல இருந்து ஆசை, வீட்டுல சொன்னதும் அப்பா ரெண்டு நாள் பேசல, அம்மா அழுதாங்க, அவங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது?

நான் இந்தத் துறையில பத்து வருஷமா இருக்கேன். பெங்களூருல என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட். கேமுக்குள்ள நீங்க நடந்து போற தெரு, சுவர், குப்பைத்தொட்டி, மரம் இதையெல்லாம் செய்றதுதான் என் வேலை. எங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு நடந்திருக்கு, அந்தக் கதையும் நடுவுல வரும். ஆனா புரியவைக்கிறதுக்கு முன்னாடி, அவங்க எதுக்குப் பயப்படுறாங்கன்னு பார்த்துடலாம். நான் பார்த்தவரைக்கும் மூணு பயம் ஒண்ணாக் கலந்து கிடக்கு. ரெண்டைப் பேசித் தீர்த்துடலாம். மூணாவது பயம் நியாயமானது. அதை இல்லைன்னு சொன்னா நாம பொய் சொல்றோம்.

முதல் பயம் 'கேம்'ங்கிற சொல்லு மேலேயே. தமிழ்நாட்டுல ஒரு அப்பாவுக்கு அந்தச் சொல் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிங்க. பேப்பர்ல 'ஆன்லைன் விளையாட்டு'ன்னு தலைப்பு வந்தா உள்ள இருக்கிறது பெரும்பாலும் ரம்மிதான். கடன், அடகு வச்ச நகை, தற்கொலை. அதைத் தடுக்கத்தான் 2022ல சட்டமன்றத்துல மசோதா நிறைவேறுச்சு. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேத்தி, 2023 ஏப்ரல்ல சட்டமாச்சு. அதே வருஷம் நவம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அதைத் தடை பண்ண முடியாதுன்னு சொல்லுச்சு. கடைசியா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே பணம் வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டைத் தடை பண்ணி ஒரு சட்டம் போட்டுச்சு. இதுக்கெல்லாம் முன்னாடி, 2020 செப்டம்பர்ல பப்ஜி தடை. அப்போ, பையன் வந்து "கேம் கம்பெனிக்குப் போறேன்"னு சொன்னா அந்த அப்பா காதுல என்ன விழும்? சூதாட்டக் கடையில கணக்குப்பிள்ளையா போறேன்னு விழும்.

இதுக்கு வழி சுலபம். முதல் வாக்கியத்துலயே பிரிச்சுச் சொல்லிடுங்க. 2025 சட்டமே இ-ஸ்போர்ட்ஸ், பணம் கட்டிப் பந்தயம் இல்லாத சாதாரண விளையாட்டு, பணம் வச்சு ஆடுறதுன்னு தனித்தனியாப் பிரிக்குது. தடை மூணாவதுக்கு மட்டும்தான். நாம போக நினைக்கிற ஸ்டுடியோக்கள் அந்தப் பட்டியல்லயே இல்ல. ஆனா இதையும் சேர்த்துச் சொல்லணும். பணப் பந்தய ஆப் கம்பெனிகள்லயும் ஆர்ட்டிஸ்ட், ப்ரோகிராமர் வேலை இருந்துச்சு, சம்பளமும் நல்லா இருந்துச்சு. அந்தச் சட்டம் வந்ததும் பல கம்பெனிகள் ஆளைக் குறைச்சாங்க. அதனால ஆஃபர் லெட்டர் வந்தா அந்தக் கம்பெனிக்கு வருமானம் எதுல இருந்து வருதுன்னு முதல்ல பாருங்க. அப்பா கேட்கிற கேள்விதான், நாமளும் கேட்க வேண்டியது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மாரியோவை உருவாக்கின ஷிகெரு மியாமோட்டோவை நின்டெண்டோவுக்குள்ள கூட்டிட்டுப் போனது அவர் அப்பாதான். 1977ல, தனக்குத் தெரிஞ்சவர் மூலமா நின்டெண்டோ தலைவரைப் பார்க்க ஏற்பாடு பண்ணினார். பையன் தான் செஞ்ச பொம்மைகளைக் கொண்டுபோய்க் காட்டி வேலை வாங்கினார். அந்த நின்டெண்டோ 1889ல கியோட்டோவுல ஆரம்பிச்சது எதுக்குத் தெரியுமா? சீட்டுக்கட்டு செய்றதுக்கு. நம்ம ஊர்ல ஒரு அப்பா தன் பையனை சீட்டுக்கட்டு கம்பெனிக்கு சிபாரிசு பண்றதை நினைச்சுப் பாருங்க!

ரெண்டாவது பயம், "விளையாடுறது ஒரு வேலையா?" இதுக்கு நீளமா விளக்கம் சொல்றதைவிட ஒரு பொருளைக் காட்டுறது மேல். இங்கதான் எங்க வீட்டுக் கதை வருது.

எங்க அப்பா ஈபில லைன்மேன். கம்பம் ஏறி ஏறியே முட்டி தேஞ்சு ரிட்டயர் ஆனவர். நான் டிஎன்பிஎஸ்சி எழுதணும், முடியலேன்னா பேங்க் எக்ஸாம் எழுதணும்ங்கிறது அவர் கணக்கு. 2015ல மாசம் 18,000 ரூபாய்க்கு பெங்களூரு வண்டி ஏறினேன். அவர் ஸ்டேஷனுக்கு வரல. முதல் ஒரு வருஷம் போன்ல "சாப்டியா"வைத் தாண்டிப் பேச்சு போகல.

அப்புறம் ஒரு பொங்கலுக்கு லேப்டாப்போட ஊருக்குப் போயிருந்தேன். பயிற்சிக்காக நானே ஒரு மின்கம்பம் செஞ்சு வச்சிருந்தேன். கம்பெனில செஞ்சதை வீட்டுல காட்டக் கூடாது, அதுக்கு கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கோம். இது சொந்த வேலை, அதனால காட்டலாம். அமெரிக்கத் தெரு ஒண்ணுல நிக்கிற மரக் கம்பம். ஒரு கம்பம் செய்ய எனக்கு எட்டு நாள் ஆச்சு. முதல்ல நூறு போட்டோ பார்க்கணும். அப்புறம் நுணுக்கமா, லட்சக்கணக்கான முக்கோணங்களோட ஒரு மாடல். அதை அப்படியே கேம்ல போட்டா மெஷின் திணறும். அதனால அதே உருவத்தை ஐயாயிரம் முக்கோணத்துக்குள்ள இன்னொரு தடவை கட்டி, மேடு பள்ளமெல்லாம் ஒரு படமா மாத்தி அதுமேல ஒட்டணும். இதுக்கு 'பேக்கிங்'னு பேரு. அப்புறம் வண்ணம். துரு எங்க பிடிக்கும், மழைத் தண்ணி எந்தப் பக்கம் வழியும், நோட்டீஸ் ஒட்டிக் கிழிச்ச இடத்துல ஸ்டேப்ளர் பின் எப்படி மிச்சம் இருக்கும், எல்லாம் பார்க்கணும். கடைசியா, தூரத்துல இருந்து பார்க்கும்போது மட்டும் வர்ற எளிமையான கம்பம் ரெண்டு மூணு. கிட்டப் போகப் போக மெஷின் ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கும், ஆடுறவருக்குத் தெரியாது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு சுத்திச் சுத்திப் பார்த்தார். "அங்க கம்பம் மரத்துலயா?"ன்னு கேட்டார். "இந்தப் பீப்பாய் என்ன, ட்ரான்ஸ்ஃபார்மரா? இவ்ளோ சின்னதா?" ஆமாப்பான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு அவரே சொன்னார்: அப்போ அங்க நாலஞ்சு வீட்டுக்கு ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் போலிருக்கு, நம்ம ஊர்ல ரெண்டு கம்பத்துக்கு நடுவுல பெருசா ஒண்ணு வச்சு தெருவுக்கே லைன் இழுக்கிறோம்னு. சரியான பதில். நான் எட்டு நாள் வரைஞ்சும் அது ஏன் அங்க தொங்குதுன்னு எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியம். "இதைச் செய்யச் சொல்றது யாரு?" வெளிநாட்டு ஸ்டுடியோ ஒண்ணு கேம் செய்யும், அதுக்கு வேண்டிய பொருள்கள்ல ஒரு பகுதியைச் செய்ய எங்க கம்பெனிக்குக் கொடுக்கும், நாங்க செஞ்சு அனுப்புவோம்னேன். "ஓ, கான்ட்ராக்ட் வேலை"ன்னார். அவ்வளவுதான். விளையாட்டுங்கிற பயம் அந்த நிமிஷம் போச்சு. ஆனா வேற ஒரு பயம் வந்துச்சு. ஈபில பல வருஷமா நிரந்தரம் ஆகாம வேலை பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளர்களோட கம்பம் ஏறினவர் அவர். கான்ட்ராக்ட்னா என்னன்னு அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல.

அதுதான் நான் சொன்ன மூணாவது பயம். வேலை நிக்குமாங்கிற பயம்.

இந்தியாவுல இந்தத் துறை எப்படி இருக்குன்னு கொஞ்சம் பார்க்கணும். பெங்களூருல த்ருவா இன்டராக்டிவ் 1997ல தொடங்குச்சு, வெளிநாட்டு கேம்களுக்கு ஆர்ட் செஞ்சு கொடுத்தே வளர்ந்துச்சு, 2019ல ராக்ஸ்டார் அதை வாங்குச்சு. புனேலயும் மும்பையிலயும் யூபிசாஃப்ட், ஹைதராபாத்ல எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இருக்காங்க. சொந்தக் கதையோட வந்த இந்திய கேம்களும் இருக்கு, புனேல செஞ்ச 'ராஜி' 2020ல வந்துச்சு. ஆனா இங்க சம்பளம் வாங்குறவங்கள்ல பெரும்பாலானவங்க செய்றது வெளியில இருந்து வர்ற வேலைதான். அங்க தும்மினா இங்க காய்ச்சல்.

ஒரு பெரிய கேம் வர நாலஞ்சு வருஷம், சிலதுக்கு இன்னும் அதிகம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' 2010, அடுத்த பாகம் 2018. அவ்வளவு வருஷம் வருமானம் இல்லாம பணம் உள்ள போய்க்கிட்டே இருக்கும். நடுவுல முதலாளி மனசு மாறினா கேம் நின்னுடும். வெளிவந்தும் நிக்கலாம். சோனியோட 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 வெளிவந்துச்சு, செப்டம்பர் 6ல எடுத்துட்டாங்க. வாங்கினவங்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தாங்க. அக்டோபர்ல அதைச் செஞ்ச ஸ்டுடியோவையே மூடிட்டாங்க. அதே வருஷம் ஜனவரில மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவுல 1,900 பேர், பிப்ரவரில சோனி சுமார் 900 பேருன்னு அனுப்பினாங்க. 2025 பிப்ரவரில டெக்னிகலர் குழுமம் விழுந்தப்போ பெங்களூரு ஆபீசும் மூடிச்சு. அங்க பெரும்பாலும் சினிமா விஎஃப்எக்ஸும் அனிமேஷனும்தான், ஆனா எங்களோட மென்பொருள், எங்களோட திறமை, ஒரே டீக்கடை.

எனக்கும் நடந்திருக்கு. பேர் வேண்டாம், ஒரு கம்பெனில கைல இருந்த ப்ராஜெக்ட் நின்னுச்சு. எங்க டீமுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சொல்லிட்டாங்க. மூணு மாசம் சும்மா இருந்தேன். அப்பாகிட்ட சொன்னப்போ "நான் அன்னைக்கே சொன்னேன்"னு சொல்வார்னு எதிர்பார்த்தேன். "பிஎஃப் எவ்ளோ இருக்கு?"ன்னு மட்டும் கேட்டார்.

இன்னொரு விஷயம், வெளிய யாரும் அதிகமாப் பேசாதது. வெளிவேலை செய்ற ஸ்டுடியோவுல இருந்தா கேம் முடிவுல பேர்ப் பட்டியல்ல உங்க பேர் வரும்னு உறுதி கிடையாது. பல தடவை கம்பெனி பேர் மட்டும் வரும். சில தடவை அதுவும் வராது. சொந்தக்காரங்களுக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது. சினிமா பைத்தியம் பிடிச்ச ஊர்ல இது சின்ன வலி இல்ல.

சரி, அந்தத் தம்பி கேள்விக்கு வர்றேன். 'என் கனவு'ன்னு ஆரம்பிக்காதீங்க. அவங்க பயம் எல்லாம் மாசக் கடைசியைப் பத்தினது, பதிலும் அங்கதான் இருக்கணும். டிகிரியை விடாதீங்க. ப்ரோகிராமிங் பக்கம் போறவருக்கு அதே படிப்பு ஐடிக்கும் ஆகும், ஒரு கேம் கம்பெனி மூடினாலும் வேற கதவு இருக்கும். இதை வீட்டுல அப்படியே சொல்லலாம், உண்மையும் கூட. டிகிரி முடிச்சு ரெண்டு வருஷம் டைம் கேளுங்க, அதுக்குள்ள இந்தத் துறையில வேலை கிடைக்கலேன்னா என்ன பண்ணுவீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. பேச்சு வேகமா வேற மாதிரி ஆகும், நானே பல வீட்டுல பார்த்திருக்கேன்.

முடிஞ்சா அவங்களோட உட்கார்ந்து 'வெண்பா' ஆடுங்க. டொரண்டோவுல விசை கேம்ஸ் செஞ்சது, 2023ல வந்துச்சு. கனடா போன ஒரு தமிழ் அம்மா, கிழிஞ்சும் அழிஞ்சும் போன தன் அம்மாவோட சமையல் குறிப்பை வச்சு இட்லி ஊத்துறதுல ஆரம்பிக்கும். மொத்தமே ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். 2024ல பாஃப்டாவுல சிறந்த அறிமுக கேம் விருது வாங்குச்சு. இட்லித் தட்டு அடுக்குற வரிசை தப்பாப் போனா உங்க அம்மா திரையைப் பார்த்துத் திட்டுவாங்க, அது போதும்.

கடைசியா பணம். இதுலதான் குடும்பங்கள் நிஜமா அடி வாங்குது. 'நூறு சதவீதம் வேலை உறுதி'ன்னு போர்டு வச்சு லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்குற இடங்கள் எல்லா ஊர்லயும் இருக்கு. நகையை அடகு வச்சு அங்க சேராதீங்க. பிளெண்டர் இலவசம், கோடோ இலவசம். அன்ரியல் எஞ்சின்ல நீங்க செய்ற கேம் பத்து லட்சம் டாலர் சம்பாதிக்கிற வரைக்கும் அவங்களுக்கு ராயல்டி தர வேண்டாம். முறையாப் படிக்கணும்னா பெங்களூரு என்ஐடில டிஜிட்டல் கேம் டிசைன் முதுகலை இருக்கு, நுழைவுத் தேர்வு உண்டு. ஒவ்வொரு வருஷமும் குளோபல் கேம் ஜாம் நடக்கும், குறைஞ்ச நேரத்துல ஒரு சின்ன கேம் முடிக்கணும். ஆளெடுக்கிறப்போ நாங்க பார்க்கிறது சர்டிபிகேட்டை இல்ல, முடிச்ச வேலையை. பாதியில நிக்கிற பத்து பெரிய கேமைவிட, ஆரம்பிச்சு முடிச்ச ஒரு சின்ன கேம் இருந்தா உங்க ஃபைல் மேல வரும்.

அடுத்த எபிசோட்ல ஒரு கேம் டெஸ்டர் வர்றாங்க. ஒரே கதவை இருநூறு தடவை திறந்து மூடிப் பார்க்கிறது எப்படி இருக்கும்னு அவங்களே சொல்வாங்க. கேள்வி இருந்தா அனுப்புங்க.