கிணற்று நீரைக் காக்க ஊர்க் குழு அமைத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கியாறும் மாரிகாலத்தில் மட்டும் ஓடிக் கோடையில் வற்றிவிடுவது. ஆகவே குடிநீராயினும், வெங்காயம், மிளகாய், மரக்கறி ஆகிய பயிர்களுக்கு இறைக்கும் நீராயினும், கமக்காரருக்குக் கிணறே கதி. கிணறு ஒருவருக்கு உரியதாயிருக்கலாம். அதனுள் ஊறும் நீரோ வேலி எல்லையை அறியாது. ஒருவர் மிகுதியாக இறைத்தால் அயலவர் கிணற்றில் நீர் தாழும். ஒருவர் தோட்டத்தில் மிஞ்சிய பசளை மற்றவர் குடிநீரிற் சேரும். எனவே நீரைக் காத்தல் ஊரார் கூடிச் செய்யவேண்டிய வேலையாகும்.

நிலத்தடியில் நிகழ்வது யாது?

குடாநாட்டின் அடியில் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல் உண்டு. மழைநீர் அதனூடே இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பொதுவான கணக்கு. எனவே நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நீடித்தால், கீழுள்ள உவர்நீர் பல அடி மேலெழும். ஒருமுறை உவரான கிணறு நன்னீராக மாறப் பல மாரிகள் வேண்டும்.

மற்றொரு கேடு நைத்திரேற்று. பயிர் உட்கொள்ளாத யூரியாவும் மலக்குழிக் கழிவும் நைத்திரேற்றாக மாறி, சுண்ணாம்புக்கல் வழியே விரைவில் கிணற்றைச் சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, காய்ச்சினாலும் நீங்காது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது. அதற்கு மிஞ்சிய நீரில் பாலைக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

குழுவை அமைக்கும் முறை

1. அடுத்தடுத்துக் கிணறுகளையுடைய 10 அல்லது 15 குடும்பங்களுடன் தொடங்குக. தொடக்கத்திலேயே ஊர் முழுவதையும் சேர்க்க முயல வேண்டாம். தோட்டக்காரரும் வயற்காரரும், வீட்டுக்கு நீரள்ளும் பெண்களும் குழுவில் இருத்தல் வேண்டும். நீரின் சுவை மாறுவதை முதலில் அறிபவர் பெண்களே.

2. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற கமக்காரர் அமைப்பு உங்கள் ஊரில் இருப்பின், அதன் கிளையாகவே இக்குழுவை வைத்துக்கொள்க. இரண்டு சங்கங்கள் போட்டியிட்டால் இரண்டும் தேயும்.

3. ஐந்து கிணறுகளைத் தெரிந்து, மாதத்தின் முதல் நாள் காலையில், இறைப்புத் தொடங்குமுன், கயிற்றில் பாரங் கட்டி, கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை அளந்திடுக. அளவைக் கொப்பியிற் பதிந்து, சனசமூக நிலையப் பலகையிலும் எழுதுக.

4. மாரிக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் குடிநீர்க் கிணறுகளின் நீரைச் சோதிப்பிக்க வேண்டும். மாதிரி எடுக்கும் முறையையும் அனுப்பவேண்டிய இடத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர்வழங்கற் சபை அலுவலகத்திலோ கேட்டறிக. முடிவைக் கிணற்றுக்குடையவரிடம் முதலிற் கூறி, அவர் இசைவுடன் கூட்டத்தில் வாசிக்க. எவரையும் குற்றஞ்சாட்டும் கருவியாக அதனைப் பயன்படுத்தலாகாது.

ஒரு கணக்கு

200 லீற்றர் பீப்பாவொன்றை உங்கள் இறைப்பு இயந்திரத்தின் குழாயடியில் வைத்து, நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 20 செக்கனில் நிரம்பினால், மணிக்கு 36,000 லீற்றர் இறைக்கிறீர்கள். ஓர் ஏக்கரில் ஓரங்குல மழை பெய்தால் கிடைப்பது ஏறத்தாழ 1,03,000 லீற்றர். அஃதாவது, ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரங்குல மழை முழுவதும் கீழிறங்கினும், மூன்று மணி நேர இறைப்பு அதனைத் தீர்த்துவிடும். பாத்தி நிறைந்தபின்னும் இயந்திரத்தை ஓடவிடுபவருக்கு இக்கணக்கைக் காட்டினால் வேறு பிரசங்கம் வேண்டியதில்லை.

“அயலவர் இறைக்க, நான் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்?”

ஊர்தோறும் எழும் கேள்வி இது, நியாயமானதும் ஆகும். ஒருவர் மட்டும் குறைத்தால் அவர் பயிரே வாடும். ஆகையால் விதி அனைவருக்கும் பொதுவாயிருத்தல் வேண்டும். நீர்மட்டம் எந்த அளவுக்குத் தாழ்ந்தால் இறைப்பை எவ்வளவு குறைப்பது என்பதை, நீர் நிறைந்திருக்கும் தை மாதத்திலேயே கூடிப் பேசித் தீர்மானிக்க. கோடையில் பயிர் வாடும்போது கூடினால் சண்டையே மிஞ்சும். கடலோரக் கிணறுகளில் நீண்ட நேரம் தொடர்ந்து இறையாமல், இடைவிட்டு இறைத்தல் நன்று.

குழு கைக்கொள்ளத்தக்க வேலைகள்

யூரியாவை ஒரே தடவையில் இடாது, மண் பரிசோதனைக்கும் திணைக்களச் சிபாரிசுக்கும் ஏற்பப் பிரித்து இடுக. இட்டவுடன் மிகையாக நீர் பாய்ச்ச வேண்டாம். சாணம், குழை, கூட்டுப்பசளை ஆகியன மண்ணின் ஈரத்தைக் காக்கும். ஆயினும் எருக்குவியல் கிணற்றருகில் இருத்தலாகாது. வயற்காரர் மாரிக்குமுன் வரம்பை உயர்த்திக் கட்டுக. வயலில் தங்கி ஊறும் மழைநீரே கோடையில் தோட்டக் கிணற்றுக்கு உதவும். குளம், கேணி, வாய்க்கால்களை ஐப்பசி மழைக்குமுன் துப்புரவாக்குக. குளத்தில் தூர் வாருமுன் அதற்குப் பொறுப்பான கமநல சேவை நிலையம் அல்லது பிரதேச சபையின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். மருந்து தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவுதலை அறவே விலக்குக.

கூட்டம் மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல் நடப்பதே நன்று. முதலில் நீர்மட்ட அளவை வாசித்து, சென்ற மாதத் தீர்மானங்களில் நிறைவேறியவை எவை, நிறைவேறாதவை எவை என்பதைப் பார்த்து, அடுத்த மாதத்துக்கு ஒரேயொரு வேலையை ஒப்புக்கொள்க. பெரிய திட்டங்களை எழுதிவைத்துக் கலைந்த சங்கங்கள் பல. ஒரு கயிறும், ஒரு கொப்பியும், தவறாது அளக்கும் ஒருவரும் இருந்தால் இவ்வேலை தொடங்கிவிட்டதென்றே கொள்ளலாம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை முதற் கூட்டத்துக்கு அழைத்தால், அளக்கும் முறையை நேரிற் காட்டித் தருவார்.