புதிய ஊற்றுப்பேனாவும் முதல் கழுவுதலும்

எழுதுகோலைப் பற்றி எழுதப் புகும்போது ‘கலம்’ என்னும் அரபுச் சொல் நம் நினைவுக்கு முதலில் வருதல் இயல்பே. திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் அப்பெயராலேயே வழங்குகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலில் அருளப்பெற்றவையாகக் கொள்ளப்படும் வசனங்களிலும் எழுதுகோல் இடம்பெற்றுள்ளது. மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதிய அக்காலத்திலேயே, மையைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, தலைகீழாகப் பிடித்தாலும் சிந்தாத ஒரு கோலை விரும்பிய மன்னர் ஒருவர் இருந்தார். 953 முதல் 975 வரை ஆண்ட ஃபாத்திமிய்யக் கலீபா அல்முஇஸ் என்பாரே அவர். அவர் கேட்டவாறே பொன்னால் ஒரு கோல் செய்து அளிக்கப்பட்டதாகக் காழி நுஃமான் தம் நூலில் பதிந்துள்ளார். ஊற்றுப்பேனாவின் வரலாற்றை 1884இல் வாட்டர்மேன் பெற்ற காப்புரிமையிலிருந்து தொடங்குவோர் இச்செய்தியையும் சேர்த்துக்கொள்ளுதல் தகும்.

ஆயினும் நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்டது பொற்பேனாவை அன்று; நூறு, இருநூறு ரூபாய்க்குள் கடைத்தெருவில் கிடைக்கும் எளிய மைப்பேனாவையே. இதற்கு ஒரு காரணமும் உண்டு. சந்தவாசல், ஆரணிப் பக்கத்து ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர் தறிக்குடும்பத்தைச் சேர்ந்தோர். அவருள் ஒருவர் ஓராண்டுக்குள் மூன்று மைப்பேனாக்களை வாங்கினார். ஒன்று எழுதவே மறுத்தது. மற்றொன்று மையைக் கக்கியது. மூன்றாவது விட்டுவிட்டு எழுதிற்று. “விலை குறைந்த பேனா என்றால் அப்படித்தான் ஐயா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் பந்துமுனைப் பேனாவுக்கே திரும்பிவிட்டார். மூன்றாவது பேனா மட்டும் அவர் பையில் கிடந்தது. அதனை வாங்கிப் பார்த்தோம். நிப்பில் குறையில்லை, கட்டையிலும் குறையில்லை. கடையில் வாங்கியவர் அதனை ஒருமுறையேனும் கழுவாமல் அப்படியே மையை ஊற்றிவிட்டார் என்பதே குறை.

அம்மாணவருக்கு நாம் கூறிய விளக்கம் அவர் வீட்டுத் தொழிலிலிருந்தே எடுத்தது. பட்டு நூலைச் சாயத் தொட்டியில் இடுமுன், சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து அதன் பசையைப் போக்குவர். பட்டுப்புழு சுரந்த அப்பசை நீங்கும்போது நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். எடை குறைகின்றதே என்று அஞ்சிப் பசையோடு சாயமிட்டால் சாயம் சீராக ஏறாது. புதுப்பேனாவின் நிலையும் இதுவே. நெகிழியை அச்சில் வார்க்கும்போது அச்சோடு ஒட்டாதிருக்க இடும் வழுக்குப்பொருளும், எஃகுத் தகட்டை வெட்டும்போதும் தேய்க்கும்போதும் இடும் எண்ணெயும், மெருகுப்பொடியும் அதன் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விலையுயர்ந்த பேனாவாயின் தொழிற்சாலையிலேயே கழுவிச் சோதித்து அனுப்ப வாய்ப்புண்டு. எளிய பேனாவின் விலையில் அவ்வேலைக்கு இடமில்லை. அது வாங்குவோர் தலையில் விழுகின்றது. இதனை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

எண்ணெய்ப் பூச்சு ஏன் இத்துணை இடர் செய்கின்றது என்பதை அறிய, பேனா எழுதும் முறையைச் சற்றே நோக்குதல் வேண்டும். நிப்புக்கு அடியில் ஒட்டியவாறு ஒரு கட்டை இருக்கின்றது. அதில் மயிரிழை போன்ற வாய்க்கால் ஒன்று ஓடும். மை அவ்வழியே இறங்குவது அதன் எடையால் மட்டும் அன்று; விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்ற நுண்குழாய் ஈர்ப்பே இதிலும் முதன்மையாகத் தொழிற்படுகின்றது. நீர்மம் தான் தொடும் பரப்பை நனைத்தால்தான் இவ்வீர்ப்பு உண்டாகும். எண்ணெய் பூசிய பரப்பை மை நனைக்காது. தாமரையிலை நீர்போல் திரண்டு நிற்கும். மை வெளியேறும் அளவுக்குக் காற்றும் உள்ளே புக வேண்டும். மை ஒருபுறம் இறங்கக் காற்று மறுபுறம் ஏறும் இக்கொடுக்கல் வாங்கல் தடைப்பட்டால் பேனா நின்றுவிடும். நாமோ, பேனாவை உதறுகின்றோம். அடுத்த வரிசையில் அமர்ந்திருப்பவர் சட்டைதான் அதற்கு விலை கொடுக்கின்றது.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். நிப்பை முகத்துக்கு நேரே பிடித்து, முனையின் இரு பிளவுகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கியிருப்பின் அப்பேனா தாளைக் கீறும். பின்னர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பிளவை நோக்க வேண்டும். மேலே உள்ள துளையிலிருந்து முனை நோக்கிச் செல்லச் செல்லப் பிளவு மெல்ல ஒடுங்குதல் நன்று. முனையில் அகன்று விரிந்திருப்பதை வாங்குதல் கூடாது. கட்டை நிப்பின் நடுவே பொருந்தியிருக்க வேண்டும். மூடியைத் திருகிப் பார்க்க வேண்டும். மூடி சரியாகப் பொருந்தாத பேனாவில் மை ஓரிரவில் உலர்ந்துவிடும். கடைக்காரர் இசைந்தால் முனையை மட்டும் மையில் தொட்டு எழுதிப் பார்க்கலாம். பலரும் தம் கையொப்பத்தை இட்டுப் பார்க்கின்றனர், அது போதாது. ‘இ’, ‘ஐ’, ‘ழ’ ஆகியவற்றை எழுதிப் பார்ப்பதே தக்க சோதனை. நம் எழுத்தின் வளைவுகள் நிப்பை எல்லாத் திசைகளிலும் இழுத்துச் செல்லும். ‘ழ’கரத்தில் வழுக்கிச் செல்லும் நிப்பு எம்மொழியிலும் வழுக்கிச் செல்லும். ஆயினும் தொட்டு எழுதும் சோதனை முனையின் வழவழப்பைக் காட்டுமேயன்றி, உள்ளிருந்து மை ஒழுங்காக வருமா என்பதைக் காட்டாது.

நிப்பைப் பற்றிப் பேசுங்கால் சாத்தூரை மறத்தல் இயலாது. காராசேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர்பெற்ற அவ்வூர், பேனா நிப்புக்கும் பெயர்பெற்றதாகும். எஃகுத் தகட்டை நிப்பு வடிவில் வெட்டி, துளையிட்டு, வளைத்து, முனையைப் பிளந்து, தேய்த்து மெருகேற்றும் வேலைகள் சிறு பட்டறைகளில் கைகளாலும் சிறு எந்திரங்களாலும் நடைபெற்றன. பள்ளிக்கூட மாணவர் கையிலிருந்த மலிவான பேனாக்களுள் பலவற்றின் முனை அங்கிருந்து வந்ததே. 1980களுக்குப் பின் பந்துமுனைப் பேனா மலிந்து பரவியபோது அத்தொழில் தேய்ந்தது. பட்டுத் தறியின் ஓசை குறைவதைக் கேட்டுவரும் ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாத்தூர்ப் பட்டறைகள் குறைந்ததற்குப் பந்துமுனைப் பேனாவின் எளிமையே பெருங்காரணம் என்பது உண்மைதான். ஆனால், கழுவாமல் மை ஊற்றிவிட்டு ‘நாட்டுச் சரக்கு இவ்வளவுதான்’ என்று தூக்கியெறிந்த கைகளுக்கும் அதில் ஒரு பங்குண்டு என்பது நம் கருத்து. சுதேசி இயக்கக் காலத்தில் இராஜமுந்திரி இரத்தினம் அவர்கள் செய்தளித்த பேனாவைக் காந்தியடிகள் பயன்படுத்திப் பார்த்து, 1935இல் பாராட்டிக் கடிதம் எழுதினார். நம் திருவள்ளூரிலும் கருங்கட்டிரப்பரைக் கடைந்து கையாலேயே பேனா செய்வோர் உளர். நாட்டுச் சரக்கின் தரம் அவ்வளவு இழிந்ததன்று.

இனிக் கழுவும் முறைக்கு வருவோம். (பேனாவுக்கும் ஓர் ஒளு உண்டு என்று வகுப்பில் நாம் வேடிக்கையாகக் கூறுவது வழக்கம்.) கழுத்துப் பகுதியை உடலிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டும். நிப்பையும் கட்டையையும் பிடுங்க முயலுதல் வேண்டா. எளிய பேனாக்களில் சில ஒருமுறை பிடுங்கினால் மீண்டும் இறுக்கமாக அமர்வதில்லை. ஒரு குவளைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் நீர்மத்தை இரண்டு சொட்டு விட்டு, கழுத்துப் பகுதியைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். கொதிநீர் ஆகாது. பட்டுக்குக் கொதிநீர் மருந்து. நெகிழிக்கு அதுவே நஞ்சு, வளைந்துவிடும். கருங்கட்டிரப்பர்ப் பேனா வெந்நீரில் நிறம் மங்கும். சாராயம் கலந்த துடைப்பு நீர்மங்களும் நெகிழியில் வெடிப்பை உண்டாக்கக் கூடும்.

ஊறிய பின், மை ஊற்றப் பயன்படும் இரப்பர்க்குமிழ் ஃபில்லரால் பின்புறமிருந்து தண்ணீரைப் பலமுறை பீய்ச்ச வேண்டும். பழைய பல்துலக்கியால் கட்டையின் பள்ளங்களை மெல்லத் தேய்க்கலாம். அதன்பின் நல்ல தண்ணீரில் நுரை முற்றும் நீங்கும்வரை அலச வேண்டும். இதில் சோம்பல் கூடாது. சோப்பு எஞ்சினால் மை தாளில் பரவி ஊறும். கிணற்று நீர் உப்பு மிக்கதாயின் இறுதி அலசலுக்குக் குடிநீரையோ மழைநீரையோ கொள்வது நலம். பின்னர் நிப்பு கீழ்நோக்கி நிற்குமாறு ஒரு துணிமீது சாய்த்து ஓரிரவு உலரவிட வேண்டும். துணியால் நிப்பின் முனையை அழுத்தித் துடைத்தால் பஞ்சிழை பிளவில் சிக்கிக்கொள்ளும்; அப்புறம் நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்துக்கும் மீசை முளைக்கும்.

கழுவிய பின்னும் பேனா கீறினால், ஏறியிருக்கும் பிளவை மேலிருந்து கட்டைவிரல் நகத்தால் மிக மெல்ல ஓரிருமுறை அழுத்திப் பார்க்கலாம். சவர அலகைப் பிளவுக்குள் விட்டு அகலப்படுத்துவதும், நிப்பைத் தரையில் தேய்ப்பதும் நம் மாணவப் பருவத்தில் எங்கும் கண்ட வைத்தியங்கள். நோயாளி பிழைத்ததை நாம் கண்டதில்லை.

மை எதுவாயினும் ஊற்றுப்பேனாவுக்கென்றே விற்கப்படுவதாக இருத்தல் வேண்டும். ஓவியர் பயன்படுத்தும் கருமையில் நுண்துகளும் அரக்கும் கலந்திருக்கும். அது உலர்ந்தால் கட்டையின் வாய்க்கால் அடைபட்டுவிடும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி மை செய்தனர். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து தாளில் கருத்து நிலைக்கும், நீரில் கரையாது. சந்தவாசலுக்கு மேற்கே நிற்கும் சவ்வாது மலையில் விளையும் அக்கடுக்காய் தோல் பதனிடவும் பயன்படுவது, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உறவினரைக் கொண்ட நம் மாணவர்க்குத் தெரியும். ஆயின் வீட்டில் காய்ச்சிய அம்மையை ஊற்றுப்பேனாவில் ஊற்றுதல் ஆகாது. வண்டல் அடைத்துக்கொள்ளும், அமிலம் எஃகை அரிக்கும். தொட்டெழுதும் நாணற்கோலுக்கே அது உரியது. இக்காலக் கடைகளில் கிடைக்கும் நீல மை பெரும்பாலும் நீரில் கரையும் சாயமாகும். கழுவுவதற்கு எளிது, விடைத்தாளில் வியர்வைத் துளி விழுந்தால் கலைவதும் எளிது. தேர்வெழுதுவோர் கைக்குட்டையை மறத்தல் கூடாது. ஒரு மை முடிந்து வேறொரு மையை ஊற்றுமுன் இடையில் ஒருமுறை கழுவ வேண்டும். இருவேறு மைகள் உள்ளே கலந்தால் சிலவேளை திரிந்துவிடும்.

ஃபில்லரால் உடலுக்குள்ளேயே மை ஊற்றும் பேனாவாயின் மறைத்திருகில் சிறிதளவு சிலிக்கோன் பசையைத் தடவினால் கசியாது. பழைய காலத்தில் நூல் சுற்றினர், அதுவும் தவறில்லை. மையை ஏறத்தாழ நிறையவே ஊற்ற வேண்டும். இவ்வொன்றை அறியாமல் நாம் பட்டபாடு பெரிது. முதுகலைத் தேர்வு நாளொன்றில், பாதி மையுள்ள பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நெரிசல் மிக்க பேருந்தில் ஒரு மணி நேரம் நின்றவாறு சென்றோம். இறங்கிப் பார்த்தபோது வெள்ளைச் சட்டையில் இதயத்துக்கு நேரே நீலநிறத்தில் ஓர் ஏரி. பேனாவைச் செய்தவரைத் திட்டித் தீர்த்தோம். உண்மையில், பாதி வெற்றிடத்திலிருந்த காற்று உடற்சூட்டால் விரிந்து மையை வெளியே தள்ளியிருக்கின்றது. நிறைய மை இருந்திருந்தால் விரிவதற்குக் காற்றே இருந்திராது. பேனாவை நிப்பு மேல்நோக்கி நிற்கச் செருகியிருந்தாலும் காற்று மட்டுமே வெளியேறியிருக்கும்.

மை ஊற்றியவுடன் எழுதத் தொடங்காமல், மூடியிட்டு நிப்பு கீழ்நோக்கி நிற்குமாறு சில நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும். முதல் நாலைந்து வரிகள் வெளிறித் தோன்றும். கட்டையில் எஞ்சிய நீரே காரணம், அஞ்ச வேண்டுவதில்லை. பேனாவைச் சற்றே சாய்த்து, அழுத்தாமல் எழுத வேண்டும். பந்துமுனைக்குப் பழகிய கை அழுத்தும். அவ்வழுத்தமே பல புது நிப்புகளை முதல் வாரத்திலேயே விரித்துவிடுகின்றது. மலிவான குறிப்பேட்டுத் தாளில் மை மறுபுறம் ஊறினால் அதற்குப் பேனாவைக் குறைகூறாமல் வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். கோடை விடுமுறையில் எழுதாது வைப்பதாயின் மையைக் கொட்டிக் கழுவி வைத்தல் வேண்டும். வடஆர்க்காட்டு வெயிலில் மை பேனாவுக்குள் உலர்ந்து பொருக்காகிவிடும்.

மேலே கூறிய மாணவர் தம் மூன்றாவது பேனாவை ஒரு வெள்ளிக்கிழமை கழுவி உலர்த்தி, திங்களன்று கொண்டுவந்து நம் முன்னே ‘சந்தவாசல்’ என்று எழுதிக் காட்டினார். ஓரிடத்திலும் விடவில்லை. முதலிரண்டையும் வீட்டில் தேடுமாறு சொன்னோம். எழுத மறுத்தது பரண்மீது அகப்பட்டதாம். கக்கியதன் மூடியை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றார்.